நாக்குக்கு ஒரு கணக்கு, பெயருக்கு ஒரு கணக்கு



இன்றைக்கு ஒரு திருத்தத்தோடு வந்திருக்கிறேன். குடிக்கச் சொல்லும் பேச்சு அல்ல இது. குடியால் எங்கள் குடும்பங்கள் பட்டதை நானும் கண்டவன். ஆனால் விருந்துக்கு விலை கூடிய போத்தலோடு போகிற பழக்கம் எங்களிடம் உண்டு. கொடுக்கிற காசுக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரியவேண்டும் அல்லவா?

முன்பொரு நிகழ்ச்சியில் 'நிக்கா ஃப்ரம் த பரல்' என்ற கலவை விஸ்கியை "அசல் யப்பான் சரக்கு" என்று புகழ்ந்திருந்தேன். சென்ற மாதம் என் மைத்துனர் அதையே வாங்கி வந்தார். 500 மில்லிலீற்றர் கொண்ட சதுரப் போத்தல், மதுசாரம் 51.4 வீதம்.

இவ்வளவு வலுவுள்ளதைக் கிளாசுக்குள் மூக்கை விட்டு மணக்கக்கூடாது, மூக்கு மரத்துவிடும். சற்றுத் தள்ளிப் பிடித்தேன். முதல் சொட்டில் கராம்பும் கறுவாவும் உறைத்தன. ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டதும் எரிவு அடங்கி, தோடம்பழத் தோலும் வனிலாவும் மேலே வந்தன. விழுங்கிய பிறகும் மரத்தின் சுவை நெடுநேரம் நின்றது. பத்துக்கு எட்டரை போட்டேன்.

பிறகு, கணக்காளன் புத்தி, தயாரிப்பாளரின் குறிப்பைத் தேடி வாசித்தேன். 'யப்பானிய விஸ்கி'க்குரிய விதிகள் எல்லாவற்றையும் இது நிறைவு செய்யவில்லை என்று நிக்கா நிறுவனமே ஒளிக்காமல் எழுதியிருக்கிறது.

அந்த விதிகளை யப்பானிய மதுபான உற்பத்தியாளர் சங்கம் 2021 இல் வகுத்தது. 2024 ஏப்ரலில் இருந்து முழுமையாக நடைமுறையில் உள்ளது. முளைகட்டிய தானியம் சேரவேண்டும். தண்ணீர், நொதிக்கவைத்தல், வடித்தல், போத்தலில் அடைத்தல் எல்லாம் யப்பானிலேயே. மரப்பீப்பாயிலும் அங்கேயே குறைந்தது 3 வருடம் இருக்கவேண்டும். இது சட்டம் அல்ல, சங்கத்தாரின் கட்டுப்பாடு. அதற்கு முன் வெளிநாட்டு விஸ்கியைக் கலந்துவிட்டும் அந்தப் பெயரில் விற்கலாம்.

"அப்ப மார்க்கைக் குறையுங்கோ அத்தான்" என்றார் மைத்துனர்.

நான் குறைக்கவில்லை. நாக்கு கொடுத்தது நாக்கின் கணக்கு. பெயர் வேறு கணக்கு. அதில்தான் நான் பிழைவிட்டேன். நிக்காவைத் தொடங்கிய மசத்தக்கா தகெற்சுருவே 1918 இல் ஸ்கொட்லாந்துக்குப் போய்த்தான் இந்தத் தொழிலைப் படித்தார். கலப்பு குறை அல்ல. கலந்ததைச் சொல்லாமல் விடுவதுதான் குறை.

யப்பானிலேயே பிறந்து வளர்ந்த கலவைதான் வேண்டும் என்பவர்களுக்கு 'ஹிபிக்கி யப்பானீஸ் ஹார்மனி' இருக்கிறது. 43 வீதம், மென்மையானது. எந்தப் போத்தலானாலும் சுவைத்துப் பார்த்து மார்க் போடுங்கள். லேபலை வாசித்துப் பெயர் சொல்லுங்கள்.

முன்பு சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.