தீர்ப்பு வரும் வரையில்



புருஷன் பெண்ஜாதி பிரிந்து கோர்ட்டுக்குப் போனால், தீர்ப்பாகும் வரை பெண் தாய்வீட்டு மூலையில் கிடக்க வேண்டியது அவள் தலையெழுத்து என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். நாம் கேட்கிறோம்: குழந்தையின் வயிறு வாய்தா வாங்கிக் கொண்டு நிற்குமா?

சட்டம் இவர்களை விட யோக்கியமாய் இருக்கிறது. 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டம் 24ஆவது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும், 26ஆவது பிரிவில் குழந்தை யாரிடமிருப்பது என்ற இடைக்கால உத்தரவும் கேட்கலாம். (1967ஆம் வருஷத் திருத்தத்தினால் தமிழ்நாட்டில் சுயமரியாதைக் கல்யாணமும் இச்சட்டப்படி செல்லும், “மந்திரம் ஓதாத கல்யாணந்தானே” என்கிற சாமர்த்தியம் பலிக்காது.)

2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமோ இன்னும் ஒரு படி மேல். கொடுமைக்காளான பெண்ணை, வீடு யார் பேரிலிருந்தாலும், சட்டப்படியன்றி வெளியே தள்ளக் கூடாது. வீட்டையோ அவள் நகையையோ விற்காதேயென்று மாஜிஸ்டிரேட் தடுக்கலாம். குழந்தையைத் தற்காலிகமாய் அவளிடம் ஒப்புவிக்கலாம். அவசரமானால் எதிரியைக் கேளாமலே உத்தரவு போடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை ஜெயில்.

ஜீவனாம்சத்தை மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டுமென்று 2020இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆகவே “ஆடி போகட்டும், தை பிறக்கட்டும்” என்று நாள் பார்ப்பவள் அந்த மாதங்களின் அரிசியை இழக்கிறாள். வக்கீலுக்குப் பணமில்லையா? 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் பாராமலே இனாமாய் வக்கீல் உண்டு. ஜில்லா கோர்ட்டிலுள்ள சட்ட உதவி ஆபீசில் கேளுங்கள்.