கொட்டகைக்கு ஏற்ற போல்ட்டு



நமது மாலைப்பள்ளிக்குத் தகரக் கொட்டகை அமைக்கவிருப்பதை அறிந்தே இச்சிறு பொருளைப் பேச எடுத்துக்கொண்டேன். முன்னர் நான் பணியாற்றிய பள்ளியொன்றில், சாதாரண இரும்பு போல்ட்டே போதும் எனக் கையொப்பமிட்டவன் நான். மூன்றாம் மழைக்காலத்தில், ஓர் இரவு, கூரைத் தகடு பெயர்ந்து விழுந்தது. பகலாயிருந்தால்? அவ்வினா இன்றும் என்னை உறங்கவிடுவதில்லை.

நெய்வேலியில் எரிவது பழுப்பு நிலக்கரி. அதன் கந்தகம் புகையாகி, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். ஆயின் கடையில் பளபளக்கும் மின்முலாம் பெரும்பாலும் 5 முதல் 10 மைக்ரான் கனமே; வெளியில் நெடுநாள் நில்லாது. உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது மங்கிய சாம்பல் நிறமாயிருக்கும். பூச்சு 40 மைக்ரானுக்கும் மேல். அதையே கேளுங்கள். நட்டும் வாஷரும் அவ்வகையாகவே இருத்தல் வேண்டும்.

கடலோரமெனில் இதுவும் போதாது. மாலிப்டினம் கலந்த 316 வகை எவர்சில்வர் வேண்டும். 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தை உப்புக்காற்று ஓயாமல் அரித்தது. 2025-இல் திறந்த புதிய பாலத்திலோ துருவேறா எஃகுக் கம்பிகளைப் பயன்படுத்தியுள்ளனர். நமக்கு அவ்வளவு செலவு வேண்டா.

போல்ட்டு வாங்கச் செல்லும் குழுவில் என்னையும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.