பாண்டையா என்னும் பெண்ணரசி



சிங்கத்தை வெறுங்கையால் கொன்ற ஹெராக்ளிஸ் என்ற கிரேக்கப் புராண வீரனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவனுடைய மகள்தான் நம் பாண்டிய நாட்டை ஆண்டாள் என்று ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கிரேக்கர் எழுதிவைத்தார். அவர் மெகஸ்தனிஸ், பாடலிபுத்திரத்தில் சந்திரகுப்த மௌரியரின் அவைக்குத் தூதராக வந்தவர். அவருடைய ‘இண்டிகா’ அழிந்துபோயிற்று. பின்னால் வந்தவர்கள் அதிலிருந்து எடுத்தாண்ட பகுதிகளே நமக்கு மிச்சம்.

அப்படி எடுத்தாண்டவர்களில் ஒருவர் கிரேக்க வரலாற்றாளர் அரியன். ஹெராக்ளிசுக்கு ஆண்மக்கள் பலர். மகள் ஒருத்திதான், பெயர் பாண்டையா. அவள் ஆண்ட நாட்டுக்கும் அதுவே பெயர் என்கிறார். தகப்பன் அவளுக்குக் கொடுத்த படை 500 யானை, 4000 குதிரை, 1,30,000 காலாள். அவளுக்கு அணிவிப்பதற்காகவே கடல் முத்துகளைத் திரட்டினானாம். இதைப் படிக்கும்போது பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை என் கண்முன் வருகிறது. பாலியேனஸ் என்பவர் இன்னொரு செய்தி தருகிறார்: அவள் நாட்டில் 365 ஊர்கள், நாளுக்கு ஓர் ஊர் அரசிக்குத் திறை கொண்டுவர வேண்டும்.

பாண்டியர் என்ற பெயர் கிரேக்கர் சூட்டியதல்ல. அசோகரின் கல்வெட்டுகளிலேயே அது இருக்கிறது. ஆனால் கிரேக்கருக்கு அது பழகிய ஒலி. அவர்கள் புராணத்தில் ஏதென்சை ஆண்ட ஓர் அரசன் பாண்டியோன். நிலாத் தெய்வம் செலீனியின் மகள் பாண்டியா. பிற்காலத்தில் புவியியலாளர் தாலமியும் மதுரையைப் பாண்டியோனின் தலைநகர் ‘மொதூரா’ என்றே குறித்தார்.

மதுரைக்காரர்களுக்கு இந்தக் கதை எங்கே போய் நிற்கும் என்று தெரியும். மலயத்துவச பாண்டியனின் வேள்வித்தீயில் தோன்றிய தடாதகை, அதாவது மீனாட்சி, தகப்பனுக்குப் பின் முடிசூடி, படை நடத்தித் திசையெல்லாம் வென்ற கதை அது. பாண்டையாதான் மீனாட்சி என்று அடித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். தடாதகையின் கதையைச் சொல்லும் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் மெகஸ்தனிசுக்கு மிக மிகப் பிற்பட்டது. என்றாலும், தெற்கே பாண்டிய நாட்டில் ஒரு பெண் அரியணை ஏறினாள் என்ற பேச்சு அத்தனை காலத்துக்கு முன்பே பாடலிபுத்திரம்வரை எட்டியிருக்கிறது. அதை வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்றும் மதுரைச் சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியின் திருக்கல்யாணத்துக்கு முன்பே அவளுக்குப் பட்டாபிஷேகம் நடக்கிறது. வேப்பம்பூ மாலை சூடி, மீனாட்சி செங்கோல் ஏந்துகிறாள். ஆவணிவரை மதுரையில் அவள் ஆட்சி. திருக்கல்யாணத்துக்குப் போகும் நேயர்களே, வரும் ஆண்டு பட்டாபிஷேகத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். போகும் வழியில் பாண்டையாவின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.