மரபும் கேள்வியும்

முன்னோர் செய்தனர் என்பதற்காகவே ஒரு வழக்கத்தைத் தொடர்வது தகுமா? இவ்வினாவை எழுப்புகிறது, அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்ஸன் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லாட்டரி’ என்னும் சிறுகதை.

முந்நூறு பேர் வாழும் சிற்றூர். ஜூன் 27ஆம் நாள் காலையில் ஊரார் திடலில் கூடுகின்றனர். சிறுவர்கள் கற்களைப் பொறுக்கிக் குவிக்கின்றனர். பழைய கறுப்புப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒருவர், பெரும்பாலும் ஆண்மகன், சீட்டெடுக்கிறார். புள்ளி விழுந்த குடும்பத்தினர் மீண்டும் எடுக்கின்றனர். இறுதியில் கரும்புள்ளி யாருக்கு வாய்க்கிறதோ, அவரை ஊரே கல்லெறிந்து கொல்லும். சடங்கின் பழைய முறைகள் பலவும் மறந்துபோயின. கல்லெறிவது மட்டும் மறக்கவில்லை.

டெஸ்ஸி என்பவள் பாத்திரம் கழுவிவிட்டுத் தாமதமாக வந்து, சிரித்துப் பேசி நின்றவள். தன் குடும்பத்துக்குச் சீட்டு விழுந்த பின்னரே அது அநீதி என்று கதறுகிறாள். அதற்குள் அவளுடைய சிறுமகன் கையிலும் கல்லைக் கொடுத்துவிடுகிறார்கள்!

நேயர்களே, இதை அயல்நாட்டுக் கதையென்று மலையகம் ஒதுக்கிவிட இயலாது. ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் கல்லெறியும் வழக்கம் இல்லை. ஆனால், காரணம் கேட்கப்படாத வழக்கம் ஒன்று இருந்தது. பனியிலும் மழையிலும் கூடை சுமந்து கொழுந்து பறித்தவள் பெண். சம்பள நாளில் அவளுடைய கூலியை வாங்கியதோ பெரும்பாலும் கணவன் அல்லது தகப்பனின் கை. தாய்க்கு நடந்தது மகளுக்கும் நடந்தது. குடும்பச் செலவுக்கே பணம் போதாதபோதும், அவளால் கணக்குக் கேட்க முடியவில்லை.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே பெண்ணுக்குக் குறைந்த கூலியை அனுமதித்தது. 1984ஆம் ஆண்டில் நாட்கூலி சமமாயிற்று. ஆயினும், பல லயங்களில் பணம் வாங்கும் கை உடனே மாறிவிடவில்லை. சட்டத்தைவிட வழக்கத்துக்கு ஆயுள் அதிகம் அன்றோ!

மரபு அனைத்தையும் தள்ளிவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. மாசி மாதத்தில் மலையகத்தார் ஆடும் காமன் கூத்தும் மரபுதான். ரதி மதன் கதையைப் பல தலைமுறைகளாகக் காத்து வரும் அக்கலையைப் போற்றுவதே முறை.

ஆகவே, வழக்கம் பழையதா புதியதா என்பதன்று கேள்வி. அதன் சுமை யார் முதுகில் இறங்குகிறது என்பதே கேள்வி. அதைச் சீட்டு விழுந்த பிறகு கேட்பதில் பயனில்லை; பெட்டியைத் திறக்கும் முன்னரே கேட்க வேண்டும். பறித்தவள் தன் கூலியைத் தானே வாங்கி எண்ணிப் பார்ப்பதால் எந்தக் குடும்பமும் குலைந்துவிடாது.