கணினியில் வைஃபை நின்றால்: மலையிறங்கும் முன் செய்ய வேண்டியவை

(கொல்லிமலை, செம்மேட்டில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



நான் உழவியல் கற்பிப்பவன். கணினி பழுது பார்ப்பவன் அல்லன். எனினும் இன்று மிளகைப் பற்றியோ மரவள்ளியைப் பற்றியோ பேசாமல், உங்கள் வீட்டு மேசைக் கணினியைப் பற்றிப் பேச வந்துள்ளேன். அதற்குக் காரணம் உண்டு.

மிளகு அறுவடைக் காலத்தில் இம்மலை உழவர் ஒருவரின் வீட்டுக் கணினியில் வைஃபை நின்றுவிட்டது. அவர் சி.பி.யூ. பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கி, நாமக்கல்லில் ஒரு கடையில் கொடுத்தார். கடைக்காரர் வயரைச் செருகினார். இண்டர்நெட் உடனே வந்தது. "கணினியில் குறை ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார். வீட்டில் கொண்டுவந்து மாட்டினால் மறுபடியும் இல்லை. இதற்குள் வியாபாரி வந்துவிட்டார். நறுமணப் பொருள்கள் வாரியத்தின் விலையைப் பார்க்காமலேயே 2 மூட்டை மிளகு கைமாறியது. விலை குறைந்ததோ இல்லையோ, பார்க்காமல் கொடுத்தோமே என்பதுதான் அவர் வருத்தம்.

பிறகு நான் போய்ப் பார்த்தபோது, மூட்டை வைக்க இடம் வேண்டி, இரும்புப் பீரோவைக் கணினியின் பின்புறம் நகர்த்தியிருந்தார்கள். வைஃபை வாங்கும் சிறு கருவியான டாங்கிள், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே அகப்பட்டிருந்தது. இரும்பு அலையை மறைத்துவிட்டது. 1 மீட்டர் நீட்டிப்பு வயர் வாங்கி, டாங்கிளை மேசைமேல் வைத்தோம், சரியாகிவிட்டது.

இலை மஞ்சளித்தால் உடனே மருந்து தெளிக்கிறோமா? வேரைப் பார்க்கிறோம், நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கிறோம். இதிலும் அப்படியே. குறை 3 இடங்களில் ஒன்றில் இருக்கும்: வீட்டுக்கு வரும் லைன், ரூட்டர், கணினி. எது என்று பிரித்தறிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதற்படி: செல்போனால் சோதித்தல்

செல்போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் லைனும் ரூட்டரும் நலம். குறை கணினிப் பக்கம் உள்ளது. திறக்காவிட்டால் கணினியைத் தொட வேண்டாம்.

இரண்டாம் படி: ரூட்டர்

ஒளியிழை இணைப்பானால், கருவியில் 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று கவனிக்கவும். எரிந்தால் இழை அறுந்தோ மடிந்தோ இருக்கலாம். இணைப்புக் கொடுத்தவருக்குத் தெரிவிக்க வேண்டும். எரியாவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, 1 நிமிடம் பொறுத்து மறுபடியும் செருகி, 3 நிமிடம் காத்திருக்கவும்.

மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுப்புற ஊர்களின் கண் மையங்களோடு, நெடுந்தூர வைஃபை வழியாக, அமெரிக்காவின் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இணைத்தனர். அங்கு தரமற்ற மின்சாரமே பெருந்தொல்லையாக இருந்ததை 2008-இல் வெளியிட்ட கட்டுரையில் எழுதியுள்ளனர். வோல்டேஜ் குறைந்தால் ரூட்டர் விளக்கு எரிந்தபடியே செயலற்று நிற்கும். ஆகையால் சிறு யு.பி.எஸ். ஒன்றில் மாட்டுவது நல்லது. இடி மின்னல் தொடங்குமுன் பிளக்கைப் பிடுங்கி விடவும்.

மூன்றாம் படி: கணினி

அ) டாங்கிளை வேறு துளையில் மாற்றிச் செருகவும். உள்ளே அட்டை வைத்த கணினியானால், பின்புற ஆண்டெனா திருகு தளர்ந்திருக்கிறதா பார்க்கவும். இரும்பு மறைப்பை நீக்கவும்.

ஆ) ரூட்டர் 2 பெயர்களைக் காட்டினால், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கல் சுவரையும் மண் சுவரையும் 5 கிகாஹெர்ட்ஸைவிட அது நன்றாகக் கடக்கும்.

இ) விண்டோஸில் 'ஏர்பிளேன் மோட்' நிறுத்தப்பட்டுள்ளதா பார்க்கவும். வைஃபை பெயரை 'ஃபர்கெட்' செய்து, கடவுச்சொல்லைப் புதிதாகக் கொடுக்கவும்.

ஈ) 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' பகுதியில் வைஃபை கருவியின் பெயரைத் தேடவும். மஞ்சள் குறி இருந்தால் டிரைவர் என்னும் இயக்கு நிரல் கெட்டிருக்கலாம். அண்மையில் கணினி தானே புதுப்பித்துக் கொண்ட பின் நின்றதானால், 'ரோல் பேக் டிரைவர்' பயன்படும். புதிய டிரைவரை இறக்க இண்டர்நெட் வேண்டுமே என்று கலங்க வேண்டாம். செல்போனைச் சார்ஜர் வயரால் கணினியோடு இணைத்து, போனில் 'யு.எஸ்.பி. டெதரிங்' போட்டால் போதும்.

உ) இணைந்ததாகக் காட்டியும் பக்கம் திறக்காவிட்டால் கணினியின் தேதியைப் பாருங்கள். நீண்ட மின்தடைக்குப் பின் தேதி பின்னோக்கிப் போயிருந்தால், உள்ளிருக்கும் காசு போன்ற பாட்டரி தீர்ந்திருக்கும். தேதி தவறானால் வங்கி, அரசுத் தளங்கள் திறக்க மறுக்கும். தேதி சரியாயிருந்தும் கணினியின் ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். இரண்டையும் அணைத்துப் போடவும்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். செய்ததை நோட்டில் குறித்துக் கொள்ளுங்கள். உரத்தையும் மருந்தையும் ஒரே நாளில் போட்டால், எதனால் பயிர் தேறியது என்று தெரியாதல்லவா?

இத்தனைக்குப் பிறகும் வராவிட்டால், பக்கத்து வீட்டு டாங்கிளை வாங்கி மாட்டிப் பாருங்கள். அது வேலை செய்தால் உங்களுடையது பழுது. சில நூறு ரூபாயில் புதிது கிடைக்கும். அதுவும் வேலை செய்யாதபோதுதான் மலையிறங்க வேண்டும். அப்போது பெட்டியோடு டாங்கிளையும் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரிடம், "வயரில் அல்ல, வைஃபையில் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

பஸ் செலவும் ஒருநாள் கூலியும் மிஞ்சும். அடுத்த முறை வியாபாரி வரும்போது விலை உங்கள் கையில் இருக்கும்.