தாயிழந்த குஞ்சுகள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியச் சொற்பொழிவுகளுக்கு நடுவே பறவைக் குஞ்சைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது சிலருக்கு நகைப்பாகத் தோன்றலாம். ஆனால், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக வைத்துப் போற்றும் மரபினர் நாம். அக்கொடையை நம் முன்னோர் ‘கொடைமடம்’ என்றனர். இறகையே போர்வையாக உடைய பறவைக்குத் துணி எதற்கு என்று அவ்வள்ளல் எண்ணிப் பார்க்கவில்லை. பேகனின் மடத்தால் மயிலுக்குத் தீங்கொன்றும் நேர்ந்ததாக யாரும் பாடவில்லை. என் மடத்தால் ஓர் உயிர் போயிற்று.

எனக்கு அப்போது பதினொரு வயது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மூடப்பட்ட நம் சுரங்கங்கள் இன்னும் இயங்கிக்கொண்டிருந்த காலம். சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். ஒரு மாலை, விளக்குக் கம்பத்தடியில் ஒரு மைனாக் குஞ்சைக் கண்டேன். உடலெங்கும் இறகு முளைத்திருந்தது. வால் மட்டும் குட்டை. தத்தித் தத்திச் சென்றதே ஒழிய, பறக்கவில்லை. தாயற்ற குஞ்சு என்று முடிவு செய்து வீட்டிற்குக் கொணர்ந்தேன். மைநிரப்பியைக் கழுவி, அதனால் பசும்பாலை அதன் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டேன். கூரைமேல் இரண்டு மைனாக்கள் இருட்டும் வரை ஓயாமல் கத்தின. குஞ்சைக் கொத்த வந்தவை என்று எண்ணி, நானும் என் தம்பியும் கல்லெறிந்து அவற்றை விரட்டினோம். இரவுப் பணி முடித்துத் தந்தையார் வீடு திரும்பியபோது குஞ்சு விறைத்துக் கிடந்தது.

கத்தியவை அதன் தாயும் தந்தையும் என்பதை நெடுங்காலம் கழித்தே அறிந்தேன். இறகு முளைத்த குஞ்சு கூட்டை விட்டிறங்கிச் சில நாள் தரையிலும் புதரிலும் தத்தித் திரிவது இயற்கை. பெற்றவை அருகிலிருந்தே இரை கொணர்ந்து ஊட்டும். அதனைப் பூனையும் நாயும் அணுகாத ஒரு செடியின் மறைவில் விட்டு நாம் விலகிக்கொள்வதே போதுமானது. பாலும் பறவைக்கு ஆகாது. அதனைச் செரிக்கும் ஆற்றல் பறவைகளுக்கு இல்லை. மேலும், மூச்சுக்குழலின் வாய் நாவின் அடியிலேயே இருத்தலால், நாம் ஊற்றும் நீர் எளிதில் நுரையீரலுட் புகுந்துவிடும். நான் ஊட்டியது உணவன்று.

இறகு முளையாத குஞ்சு விழுந்து கிடந்தால் செய்தி வேறு. அதனை எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடலாம். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது நம்மிடையே வழங்கும் வெறுங்கதை. கூடு கலைந்திருந்தால், சிறு கூடையில் காய்ந்த புல் பரப்பி அதே மரத்தில் கட்டிவைத்து, தொலைவில் நின்று பார்க்க வேண்டும்.

பெற்றவை மேலே இருந்தும் குஞ்சு அநாதையாவதும் உண்டு. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே மரங்களிற் கூடு கட்டுகின்றன. 1994இல் அரசு சரணாலயமாக அறிவிக்கும் முன்னரே அவற்றைக் காத்தவர்கள் அவ்வூர் மக்கள். பறவைகள் அஞ்சுமென்று வெடி வெடிப்பதைக் கைவிட்ட ஊர் அது! காற்றில் விழும் குஞ்சுக்குத் தரையில் இறங்கி வந்து இரையூட்டும் வழக்கம் இப்பெரும்பறவைகளுக்கு இல்லை. அவ்வாறு விழுந்தவற்றைப் பால்பாண்டி என்பவரும் அவர் மனைவி வள்ளித்தாயும் எடுத்து, மீன் ஊட்டி வளர்த்துப் பறக்கவிட்டனர். கூழைக்கடாக் குஞ்சின் பசியை அறிந்தவர்கள், எளிய குடும்பத்திற்கு அஃது எத்துணைப் பெரிய செலவு என்பதை உணர்வார்கள்.

நாம் வாழும் இம்மாநிலத்திலும் மண்டியா மாவட்டத்துக் கொக்கரே பெள்ளூரில் இத்தொண்டு நடந்து வருகிறது. நம் சுரங்கங்களுக்கு 1902இல் மின்சாரம் அனுப்பிய சிவசமுத்திரம் இருக்கும் திசையில்தான் அவ்வூரும் இருக்கிறது. அங்கு வரும் பறவைகளைத் தாய்வீட்டிற்குப் பேறுகாலத்துக்கு வந்த மகளிராகவே ஊரார் கருதுகின்றனர். விழுந்த குஞ்சுகளை வேலியடைப்பில் வைத்து மீன் கொடுத்து வளர்க்கும் குழுவுக்கு ‘ஹெஜ்ஜார்லே பளக’ என்று பெயர். கன்னடம் அறிந்த நமக்குப் பொருள் சொல்ல வேண்டுவதில்லை, கூழைக்கடாவின் சுற்றம்!

நம் வீட்டில் அவ்வாறு வளர்க்கலாமா என்று கேட்பீர்கள். வளர்க்கலாகாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, கையில் வந்த காட்டுயிரைப் பற்றி 48 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவித்தாக வேண்டும். சட்டம் கிடக்கட்டும், விடியல் முதல் அந்தி வரை அரைமணிக்கொருமுறை இரையூட்ட நம்மில் யாருக்கு ஓய்வு இருக்கிறது? அதிலும் தானியம் தின்னும் சிட்டுக்குருவி கூடத் தன் குஞ்சுக்குப் புழுபூச்சிகளையே ஊட்டுகிறது. மேலும், மனிதனையே தாயென்று நம்பி வளர்ந்த பறவை தன் இனத்தோடு சேரத் தெரியாமல் தவிக்கும். ஆஸ்திரிய அறிஞர் லோரன்ஸ், முட்டையிலிருந்து வெளிவந்ததும் தம்மையே முதலிற் கண்ட வாத்துக் குஞ்சுகள் தம்மைத் தாயெனப் பின்தொடர்ந்ததை ஆராய்ந்து காட்டினார். 1973இல் நோபல் பரிசும் பெற்றார்.

ஆகவே, உண்மையிலேயே பெற்றோரை இழந்த குஞ்சு கிடைத்தால், துளையிட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, இருட்டாகவும் வெதுவெதுப்பாகவும் வையுங்கள். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி ஒருபுறம் வைத்தால் போதும். வாயில் நீரும் வேண்டா, பாலும் வேண்டா. வனத்துறைக்குத் தெரிவியுங்கள். பெங்களூரில் கெங்கேரிப் பக்கம் காட்டுயிர்களுக்கென்றே மருத்துவமனை ஒன்று இருக்கிறது. அந்நகருக்கு நாள்தோறும் இரயிலேறிச் செல்லும் நம் இளைஞர்கள், வனத்துறை இசைந்தால், சோற்றுப் பெட்டியோடு இப்பெட்டியையும் கொண்டு சேர்ப்பது அரிதன்று.

சென்ற திங்களில், நான் பணிபுரியும் நிலையத்தின் கூரையிடுக்கிலிருந்து இறகு முளையாத மைனாக் குஞ்சொன்று நடைமேடையில் விழுந்தது. “தொட்டுவிட்டீர்கள் ஐயா, இனித் தாய் வராது” என்றார் சுமைதூக்கும் பெரியவர். ஏணி வைத்துக் கூட்டில் விட்டுவிட்டு, இருவரும் சீட்டுக் கொடுக்கும் அறையின் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பயணிவண்டி வந்து சென்றது. புகையிரதச் சந்தடி அடங்கியதும், வெட்டுக்கிளியை வாயிற் கவ்வியவாறு தாய் வந்தமர்ந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாட் காலை எனக்கு முன்பே வந்து, கூட்டிற்கு நேர் கீழே பழைய சாக்கு ஒன்றை மடித்துப் போட்டிருந்தார்.