மைக் யார் கையில்?

(தாம்பரத்தில் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



விளையாட்டுல என்னய்யா சாதின்னு கேக்கிறவங்க இங்கேயும் ரெண்டு பேர் இருப்பீங்க. எனக்கும் அந்த நெனப்பு இருந்துச்சு. நான் இரும்புலியூரில் கபடி ஆடி வளர்ந்தவன். ஒரு போட்டியில் மைக் பிடித்தவர், ஊர்க்காரப் பையன் பாயிண்ட் எடுத்தால் பேர் சொல்லி "என்ன மூளை பாருங்க" என்பார். நாங்கள் எடுத்தால் "காலனி டீம், முரட்டுப் பலம்!" பேரே கிடையாது. அன்னைக்கு அதைப் பாராட்டுன்னுதான் எடுத்துக்கிட்டேன்.

ஐரோப்பாவில் இதை எண்ணியே பார்த்துவிட்டார்கள். இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் நாட்டுக் கால்பந்து லீக்குகளின் 80 ஆட்டங்கள். வர்ணனையாளர்கள் ஆட்டக்காரர்களைப் பற்றிச் சொன்ன 2,073 கூற்றுகள். 2020இல் ஆய்வு வெளிவந்தது. உடல் பலத்தைப் பேசும்போது அது கறுத்த தோல்காரரைப் பற்றியதாக இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்குக்கும் மேல். புத்திசாலி என்ற பாராட்டிலோ 60 சதவீதத்துக்கு மேல் வெளுத்த தோலுக்கு. நம்ம கபடி மைக்கேதான், சூட்டு கோட்டு போட்டிருக்கு, அவ்வளவுதான்.

சர்வதேசப் போட்டி வந்தா நம்ம டி.வி. வர்ணனையில இன்னொரு வார்த்தை சேர்ந்துக்கும்: 'நாம'. நாம ஜெயிக்கணும், நாம விட்டுட்டோம். எதிரணி ஆடுவதே கண்ணுக்குத் தெரியாது. அந்த 'நாம'வுக்குள்ள யார் யார்?

2021 டோக்கியோ ஒலிம்பிக். ஜூலை 31, தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். அன்றைக்கு அவர் இந்தியாவின் மகள். ஆகஸ்ட் 4, அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2. ஹரித்துவார் பக்கம் ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்தார்கள்; அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோல்வி என்று சாதியைச் சொல்லி ஏசினார்கள் என்பது குடும்பத்தின் புகார். வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கு, கைது. நாலே நாள்! 'நாம' என்ற சொல்லுக்கு ஆயுசு அவ்வளவுதான். அந்த நாலு நாளும் டி.வி. முன்னாடி உட்கார்ந்து நானும் 'நாம'ன்னு கத்தினவன்தான், மறைக்கலை.

வர்ணனையைத் திட்டிட்டுப் போறதுல எனக்கு விருப்பமில்லை. எண்ணுவோம். அடுத்த சர்வதேச ஆட்டத்துக்கு ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. ஒரு பக்கம் பேர், எதிர்ப்பக்கம் அந்தப் பேருக்கு விழுந்த அடைமொழி: மூளையா, பலமா, உழைப்பா, ஏழ்மைக் கதையா. தோத்துட்டா உடனே டி.வி.யை அணைச்சுடாதீங்க. பழி யார் தலையில முதல்ல விழுதுன்னு அதுக்கப்புறம்தான் தெரியும்.

அப்புறம் நம்ம கபடிப் போட்டி. மைக் செட் வாடகையை நாமே கொடுப்போம். வர்ணனைக்கு இந்தக் கூட்டத்துல இருக்கிற தங்கச்சிங்க ரெண்டு பேர் இப்பவே பேர் கொடுங்க.